செருப்பு நிற்காத கால்

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

"டாக்டர் ஐயாவுக்கு வணக்கமுங்க. எங்க வீட்டுக்காரருக்கு வயசு 49. திருப்பூர்ல பனியன் கம்பெனியில டெய்லர். மலக்குடல்ல கட்டின்னு ஜூன் மாசம் ஆபரேஷன் செஞ்சாங்க. காலையில எட்டு மணிக்கு உள்ள போனவரை சாயந்தரம் நாலு மணிக்குத்தான் வெளிய கொண்டாந்தாங்க. கட்டி நல்லபடியா எடுத்தாச்சுன்னு சொன்னாங்க. ஆனா ரெண்டாம் நாள் நடக்கச் சொன்னப்ப இடது பாதம் தொங்குது. செருப்பு போட்டா நிக்கிறதில்லை, ரெண்டு அடிக்கு ஒருக்கா கழண்டு விழுது. கீழ அமுத்தச் சொன்னா அமுத்தறார், மேல தூக்கச் சொன்னா வரமாட்டேங்குது. பாதத்து மேல தொட்டா துணி போட்டுத் தொடறாப்பல இருக்குதாம். கேட்டதுக்கு, 'நரம்பு அமுங்கியிருக்கும், தானா சரியாயிரும்'னு சத்து மாத்திரை குடுத்தாங்க. ஏழு வாரம் ஆச்சு. முதுகுல போட்ட ஊசிதான் காரணம்னு என்ற நாத்தனார் சொல்றாங்க. கொழுந்தனார் கேஸ் போடலாம்ங்கறார். ஆபரேஷன் வயித்துல, கால் எப்படிங்க போச்சு? ஆபரேஷனுக்கு முந்தியே 11 கிலோ இறங்கிட்டார், பீடி வேற. வருசா வருசம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறவர். இனி நடப்பாரா?"

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகள் எனக்கு நிறையச் சொல்லிவிட்டன. 'கீழே அமுத்துகிறார், மேலே தூக்க வரவில்லை' என்பது ஒன்று. 'பாதத்து மேலே தொட்டால் துணி போட்டாற்போல இருக்கிறது' என்பது இன்னொன்று. டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

தொடையின் பின்பக்கமாக இறங்கி வருகிற பெரிய நரம்பு, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கெண்டைக்காலுக்குள் ஆழமாகப் போய், பாதத்தைக் கீழே அமுத்துகிற தசைகளுக்கும் உள்ளங்காலின் உணர்ச்சிக்கும் பொறுப்பேற்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு அது நன்றாக இருக்கிறது. இன்னொரு கிளை பாதத்தை மேலே தூக்குவதற்கும், பாதத்தின் மேற்புற உணர்ச்சிக்கும் உரியது. அடி வாங்கியது அதுதான். அது போகிற பாதையை உங்கள் காலிலேயே தொட்டுப் பார்க்கலாம். முழங்காலின் வெளிப்பக்கத்தில், கொஞ்சம் கீழே, ஒரு குமிழ் போல எலும்பு தட்டுப்படும். அந்தக் குமிழுக்கு ஒரு விரற்கடை கீழே எலும்பைச் சுற்றிக்கொண்டு அந்த நரம்பு முன்பக்கம் வருகிறது. அந்த இடத்தில் மேலே தோல், கீழே எலும்பு. நடுவில் சதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

வயிற்று ஆபரேஷனில் கால் எப்படிப் போச்சு என்று கேட்டீர்கள். மலக்குடல் ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் பிரசவத்துக்குப் படுக்க வைப்பது போலக் கால்கள் இரண்டையும் தூக்கி, அகட்டி, தாங்கிகளில் வைப்போம். தலைப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும். தாங்கியின் விளிம்போ, பக்கவாட்டுக் கம்பியோ, மேலே சாய்ந்து நிற்கிற உதவியாளரின் இடுப்போ, அந்தக் குமிழுக்குக் கீழே அழுத்தினால் போதும். கால் உயரத்தில் இருப்பதால் அங்கே ரத்த அழுத்தமும் குறைவு. இதயத்தைவிட 30 சென்டிமீட்டர் மேலே இருக்கிற காலில், கையில் அளக்கிற அழுத்தத்தைவிடச் சுமார் 23 புள்ளி குறைந்திருக்கும். நரம்புக்குள் ஓடுகிற மெல்லிய ரத்தக் குழாய்கள் வெளியிலிருந்து வருகிற அழுத்தத்தில் எளிதாக மூடிக்கொள்ளும். உள்ளே தள்ளுகிற விசையும் குறைந்தால் கேட்கவே வேண்டாம்.

ராத்திரி கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கினால் மரத்துப்போகிறது, உடனே நாமே புரண்டு படுக்கிறோம். எழுந்தால் அது ஞாபகம்கூட இருப்பதில்லை. மயக்கத்தில் அந்தப் புரளல் கிடையாது. வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்திருக்கிறோம், தசை அசையாமல் இருக்க இன்னொன்று கொடுத்திருக்கிறோம். ஆகவே அவருக்குப் பதிலாக வேறு யாராவதுதான் புரண்டு படுக்க வேண்டும். அந்த யாரோ நான்தான், அதாவது மயக்க டாக்டர். கூடவே அறுவை செய்கிறவரும் ஓ.டி. நர்சும். மருந்து, மூச்சுக் குழாய், மானிட்டர் பார்ப்பதுதான் எங்கள் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். முழங்கையையும் முழங்காலையும் குனிந்து பார்ப்பதும் எங்கள் வேலைதான். ஆனால் ஏழு மணி நேரம் பச்சைத் துணிக்கு அடியில் இருக்கிற காலைப் பார்ப்பது, வெளியிலிருந்து நினைக்கிற அளவுக்கு எளிதல்ல.

இது எவ்வளவு அரிது? அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1957 முதல் 1991 வரை இப்படிக் கால் தூக்கி வைத்துச் செய்த 1,98,461 ஆபரேஷன்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நீடித்த தசை பலவீனம் வந்தவர்கள் 55 பேர். அதில் 43 பேருக்கு அடிபட்டது உங்கள் வீட்டுக்காரருக்குப் பட்ட இதே நரம்பு. அப்படிப்பட்டவர்களிடம் மூன்று விஷயங்கள் தூக்கலாகத் தெரிந்தன: ஆபரேஷன் நீண்டது, உடம்பு மெலிந்தது, அண்மைக்காலம் வரை புகைபிடித்தது. இவருக்கு மூன்றுமே இருந்திருக்கிறது. 11 கிலோ இறங்கும்போது அந்தக் குமிழுக்குக் கீழே இருந்த கொஞ்சநஞ்சக் கொழுப்பும் போய்விடும். சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அது நாலாவது.

நாத்தனார் சொல்கிற முதுகு ஊசிக்கு வருவோம். நம் பக்கத்தில் ஆபரேஷனுக்குப் பிறகு இடுப்பு வலித்தாலும், முடி கொட்டினாலும், பழி முதுகு ஊசி மேல்தான். இருந்தாலும் அதை ஒதுக்கிவிட முடியாது. முதுகுத்தண்டிலிருந்து வருகிற ஐந்தாவது இடுப்பு நரம்பு வேர் அடிபட்டாலும் பாதம் இப்படியே தொங்கும். இடுப்புக் குழிக்குள் நடந்த அறுவையிலேயே ஒரு நரம்பு இழுபட்டிருக்கவும் வாய்ப்புண்டு. வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. பாதம் தொங்கிய நிலையிலேயே உள்ளங்காலை உள்பக்கமாக, மற்றக் காலைப் பார்த்தாற்போலத் திருப்பச் சொல்லுங்கள். திருப்ப வந்தால் கோளாறு முழங்காலுக்குக் கீழே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். திருப்பவும் பலமில்லை, ஒருக்களித்துப் படுத்துக் காலை மேலே தூக்கவும் பலமில்லை என்றால், மேலே, முதுகுப் பக்கம் தேட வேண்டும். இதை நீங்களே முடிவுகட்டிவிட வேண்டாம். நரம்பியல் டாக்டரிடம் போகும்போது சொல்ல ஒரு தகவலாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், பவானியில் ஜமக்காளம் நெய்கிற ஒருவருக்கு முதுகுத்தண்டு ஆபரேஷன். குப்புறப் படுக்க வைத்து, கைகள் இரண்டையும் தலைப்பக்கம் மடக்கி வைத்திருந்தோம். ஐந்து மணி நேரம். ஆரம்பத்தில் முழங்கைக்கு அடியில் மெத்தை வைத்தேன். நடுவில் டேபிளைச் சாய்த்த பிறகு மெத்தை அங்கேயே இருக்கிறதா என்று நான் திரும்பப் பார்க்கவில்லை. நாலாம் நாள் அவர் சொன்னார்: "சுண்டுவிரல் என்னுதாட்டமே இல்லீங்க." நூல் பிடித்துப் பிழைக்கிற கை. மூன்று மாதத்தில் முழுதாகத் திரும்பிவிட்டது. அந்த மூன்று மாதமும் அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. இப்போது அரை மணிக்கு ஒருமுறை துணிக்கு அடியில் குனிகிறேன். "டாக்டர் என்னமோ தொலைச்சுட்டார்" என்று சர்ஜன்கள் கிண்டல் செய்வார்கள்.

ஆனால் அந்தக் கை டேபிளில்தான் கெட்டதா என்று இன்றுவரை என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அதே மேயோ கிளினிக்கில் 1,502 பேரை ஆபரேஷனுக்குப் பிறகு கவனித்து 1999இல் எழுதினார்கள். ஏழு பேருக்குச் சுண்டுவிரல் நரம்பில் கோளாறு வந்தது. ஒருவருக்குக்கூட முதல் இரண்டு நாளில் அறிகுறி இல்லை. அப்படியென்றால் அதன் பிறகு கட்டிலில் முழங்கையை மடக்கி வயிற்றின் மேல் வைத்துக் கிடந்ததற்கும் பங்கு இருக்கலாம். உங்கள் வீட்டுக்காரர் கதை வேறு. முதல் முறை எழுந்து நிற்கும்போதே தெரிந்துவிட்டது, அதனால் டேபிளின் மேல் சந்தேகம் கூடுதல்.

சரி, திரும்புமா? பெரும்பாலும் திரும்பும். ஆனால் எப்போது என்பது அடி எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது. நரம்பை மின்சார ஒயர் என்று வைத்துக்கொண்டால், மேல் ரப்பர் மட்டும் நசுங்கியிருந்தால் சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதத்துக்குள் சரியாகிவிடும். உள்ளே கம்பியே அறுந்து மேல் உறை மட்டும் நிற்கிறது என்றால், கம்பி திரும்ப வளர வேண்டும். அது நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம்தான் வளரும். மாத்திரை போட்டாலும் வேகம் கூடாது. அந்தக் குமிழிலிருந்து, பாதத்தைத் தூக்குகிற முக்கியத் தசைக்குள் நரம்பு நுழைகிற இடம் சில அங்குலத் தூரம். கணக்குப் போட்டால் மூன்று, நாலு மாதத்தில் முதல் அசைவு தெரிய வேண்டும். பாதத்தின் மேல் தோல் வரை போய்ச்சேர ஒரு வருடம்கூட ஆகலாம். ஆகவே ஏழாவது வாரத்தில் பாதம் தூக்கவில்லை என்பது பயப்பட வேண்டிய விஷயமல்ல. ஏழாவது வாரம் வரை ஒரு பரிசோதனையும் செய்யவில்லை என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

'தானா சரியாயிரும்' என்பது பொய்யல்ல, பாதி பதில். மீதிப் பாதி: எங்கே அடி, எவ்வளவு ஆழம், அதுவரை காலை எப்படிப் பார்த்துக்கொள்வது. முதல் இரண்டுக்கும் நரம்புக் கடத்தல் சோதனையும் ஈ.எம்.ஜி.யும் இருக்கின்றன. முதலாவதில் லேசாக ஷாக் வைத்து, அது நரம்பில் எங்கே தடைப்படுகிறது என்று பார்ப்பார்கள். இரண்டாவதில் தசைக்குள் மெல்லிய ஊசி. நரம்பு அறுந்த அடையாளம் தசையில் தெரிய இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும் என்பதால், இப்போது எடுத்தால் தெளிவாகத் தெரியும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு இவருடைய எல்லாக் காகிதங்களுடனும் போய்க் கேளுங்கள். தொடைத் தசையையும் முதுகுப் பக்கத் தசையையும் சேர்த்துச் சோதித்தால், முதுகு ஊசி விவகாரத்துக்கும் அதிலேயே பதில் வந்துவிடும். அப்புறம் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுத்து ஒப்பிட வேண்டும்.

நரம்பு வளர்ந்து வருவதற்குள் கரண்டை மடங்காமல் இறுகிவிட்டால், நரம்பு வந்தும் பிரயோசனம் இல்லை. தொங்குகிற பாதத்தில் குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற அந்தத் தசைநாண் நாளுக்கு நாள் சுருங்கும். அதனால் இன்றைக்கே ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். வீட்டில் தினமும் நாலைந்து முறை, அவரை உட்கார வைத்துக் காலை நீட்டி, ஒரு துண்டை முன்பாதத்தில் போட்டு இரண்டு முனையையும் அவரே தன் பக்கம் இழுக்கட்டும். முழங்கால் மடங்கக் கூடாது. பாதத்தை நேராக நிறுத்துகிற பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் ஒன்று உண்டு, ஷூவுக்குள்ளேயே போடலாம். விலை அதிகமில்லை. அது போட்ட அன்றைக்கே தடுக்கி விழுவது நின்றுவிடும். ஆனால் அதன் மேல் பட்டை அந்தக் குமிழை அழுத்தக் கூடாது. போட்டுக் கழற்றியதும் அங்கே சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். அடிபட்ட இடத்தையே தாங்கியும் அழுத்துகிற கூத்தை நான் பார்த்திருக்கிறேன்.

வார் வைத்த செருப்போ ஷூவோ போடட்டும், ரப்பர் செருப்பு வேண்டாம். கியர் பைக் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். கியரை மேலே தூக்குவது அந்த இடது பாதம்தான். சம்மணம் போட்டு உட்காருவது, கால் மேல் கால் போடுவது, குந்தி உட்காருவது மூன்றும் அந்த நரம்பை மறுபடி அமுக்கும். சின்ன வெங்காயக் காட்டில் நாள் முழுக்கக் குந்தி வேலை செய்துவிட்டுப் பாதம் தொங்க வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு ஆபரேஷனே நடக்கவில்லை. கம்பெனிக்குப் போனால் மெஷின் ஸ்டாண்டின் கம்பி முழங்காலின் வெளிப்பக்கத்தில் இடிக்காமல் உட்காரட்டும். எண்ணெய் மெதுவாகத் தடவலாம், அந்தக் குமிழ்ப் பக்கம் அழுத்தித் தேய்க்கக் கூடாது. தவிடு வறுத்து ஒத்தடம் கொடுக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். மேற்பாதத்தில் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சத்து மாத்திரை, ரத்தத்தில் பி12 குறைவாக இருந்தால் உதவும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறைய வாய்ப்புண்டு. சோதித்துப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்று. மலக்குடல் கட்டிக்கு ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்குக் கீமோ கொடுப்பார்கள். அதில் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து, கை கால் நரம்புகளைத் தனியாகவே பாதிக்கக்கூடியது. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே விரல் குறுகுறுக்கும். கீமோ தொடங்கும் முன் புற்றுநோய் டாக்டரிடம் இந்தக் காலைக் காட்டிச் சொல்லுங்கள். அதற்காகக் கீமோவைத் தள்ளிப்போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டிதான் முதல் எதிரி. ஆனால் அவர் தெரிந்துகொண்டு மருந்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். பின்னால் கால் மோசமானால் எதனால் என்று குழம்பாமலும் இருக்கும். பீடியைப் பற்றி நான் தனியாக எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும், எழுதவில்லை.

நாலு மாதமாகியும் அசைவும் இல்லை, இரண்டாவது ஈ.எம்.ஜி.யிலும் உயிர் தெரியவில்லை என்றால், நரம்பு அறுவை தெரிந்த பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்க வேண்டும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் நரம்பில்லாமல் கிடந்த தசை அதன் பிறகு வேலைக்கு ஆகாது, அதனால் காத்திருப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை தாண்டினாலும் வழி இருக்கிறது. பாதத்தை உள்பக்கம் திருப்புகிற, நன்றாக வேலை செய்கிற தசையின் நாணை எடுத்து முன்பக்கம் கொண்டுவந்து, பாதத்தைத் தூக்கும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். தொழுநோய் இதே நரம்பை இதே இடத்தில்தான் கெடுக்கும். அதனால் தசைநாணை மாற்றும் வித்தையில் நம் மாநிலத்துக்குப் பழைய அனுபவம் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றி வழிகாட்டிய டாக்டர் பால் பிராண்ட் 1914இல் பிறந்தது நம் கொல்லிமலையில்.

இனி கொழுந்தனாரின் கேஸ். பாதம் தொங்குகிறது என்பதாலேயே தவறு நடந்தது என்று ஆகிவிடாது. எல்லாக் கவனமும் எடுத்தும் இது வந்ததுண்டு, கவனமில்லாமலும் வந்ததுண்டு. எது என்று சொல்லக்கூடியது காகிதம்தான். மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, உள்நோயாளிப் பதிவுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், கேட்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. மயக்கப் பதிவுத் தாள், ஆபரேஷன் குறிப்பு, நர்சிங் குறிப்பு மூன்றும் வேண்டும். எந்த நிலையில் படுக்க வைத்தார்கள், தாங்கியில் எங்கே மெத்தை வைத்தார்கள், இடையில் கால்களை இறக்கினார்களா, ரத்த அழுத்தம் நெடுநேரம் குறைந்திருந்ததா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு, அவசரப்பட வேண்டியதில்லை. என் கருத்தைக் கேட்டால், முதலில் அந்த மயக்க டாக்டரையும் சர்ஜனையும் நேரில் பார்த்து, 'என்ன நடந்திருக்கும், இனி என்ன செய்யப் போகிறீர்கள்' என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்கிறவரிடம் சிகிச்சையைத் தொடரலாம். மழுப்பினால் அடுத்த வழியைக் கொழுந்தனார் பார்க்கட்டும்.

ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மயக்கத்துக்கு முந்தைய பரிசோதனையில், விரல் மரத்துப்போவது, கழுத்து எலும்புத் தேய்மானம், தோள் தூக்க வராதது, முழங்கால் மடங்காதது எல்லாவற்றையும் சொல்லுங்கள். டேபிளில் ஏறிய பிறகு, தூங்க வைப்பதற்கு முன், 'இப்படிப் படுத்தால் எனக்கு இங்கே இழுக்கிறது' என்று சொன்னால் எந்த நல்ல மயக்க டாக்டரும் கோபிக்க மாட்டார். நான் கேட்டே தெரிந்துகொள்கிறேன். முடிந்து வந்த சில மணி நேரத்தில் கெண்டைக்கால் கல் போல இறுகி, ஆபரேஷன் செய்த இடத்தைவிட அங்கே வலி கடுமையாக இருந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். அது வேறு வகை ஆபத்து, சில மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டியது.

பழனிக்கு வருவோம். தைக்கு இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் இருக்கிறது. இன்றிலிருந்து வாரம் ஒரு நாள், கிழமை மாறாமல், அவரை நாற்காலியில் உட்கார வைத்து, குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை எவ்வளவு தூக்க முடிகிறது என்று ஸ்கேலில் அளந்து காலண்டரில் எழுதுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் பூஜ்யம் என்றே எழுதுங்கள். கார்த்திகை வாக்கில் ஸ்கேலில் ஒரு விரல் அளவாவது ஏறியிருந்தால், ஷூவும் ஸ்பிளிண்டும் போட்டு, கடைசி ஐந்து கிலோமீட்டர் மட்டும் நடக்கலாம். அதற்கு முன் பேருந்து. வெறுங்காலில் நடக்கிற நேர்த்தியை மட்டும் இந்த வருடம் நிறுத்தி வையுங்கள். தொங்குகிற பாதத்தின் மேற்புறம் தரையில் உரசினால், உணர்ச்சியில்லாத அந்த இடத்தில் தார் ரோட்டுச் சூடும் கல்லும் என்ன செய்தன என்று அவருக்கே தெரியாது. மலையில் படி ஏற வேண்டாம், வின்ச்சில் ஏறட்டும்.